வாடகை ஐஸ், சொந்த ஐஸ்

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் அணிகளின் தலையெழுத்தை அரங்கங்கள் எழுதும் கதை

நள்ளிரவு பன்னிரண்டு மணி. ஊரே தூங்கிவிட்ட நேரத்தில் ஒரு கல்லூரி அணி பயிற்சிக்குக் கிளம்புகிறது. தோளில் கனத்த பை, கையில் மட்டை. பயிற்சி முடித்து விடுதிக்குத் திரும்பிப் படுத்தால், சில மணி நேரத்தில் காலை வகுப்பு. பயிற்சியாளருக்கும் அதே பாடுதான். விடிந்ததும் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போக வேண்டும். ஹாக்கி அவருக்குப் பகுதிநேர வேலை.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் இருக்கும் குவினிபியாக் கல்லூரியில் 1994இல் நிலைமை இதுதான். பயிற்சியாளரின் பெயர் ராண்ட் பெக்னோல்ட். கல்லூரிக்குச் சொந்தமாக ஐஸ் தளம் இல்லை. வெளியார் தளத்தில் மற்றவர்கள் ஆடி ஓய்ந்த பிறகு மிஞ்சும் நேரம்தான் அந்தப் பையன்களுக்கு.

29 ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 8. ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் தேசிய இறுதிப் போட்டி. எதிரே நிற்பது ஹாக்கி ரத்தத்திலேயே ஊறிய மினசோட்டா பல்கலைக்கழகம். குவினிபியாக் 0-2 என்று பின்தங்குகிறது. ஒரு கோலைத் திருப்புகிறார்கள். ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாதபோது கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கூடுதலாக ஒரு தாக்குதல் வீரரை இறக்கிச் சமன் செய்கிறார்கள். கூடுதல் நேரம் தொடங்கிப் பத்தாவது நொடியில் ஜேக்கப் குயிலன் அடித்த கோலில் 3-2. குவினிபியாக்கின் முதல் தேசியப் பட்டம். ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் அதே பெக்னோல்ட்.

நள்ளிரவுப் பயிற்சிக்கும் இந்தப் பத்தாவது நொடிக்கும் நடுவே ஒரு கட்டடம் இருக்கிறது. 2007 ஜனவரியில், வளாகத்தை ஒட்டிய குன்றின்மேல், சுமார் 5 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் கல்லூரி ஒரு அரங்கத்தைத் திறந்தது. ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் ஹாக்கி, மறுபக்கம் கூடைப்பந்து. ஹாக்கிப் பக்கம் மூவாயிரத்துச் சொச்சம் இருக்கைகள்தான். ஆனால் அந்த ஐஸ் அவர்களுடையது. எந்த நேரத்தில் இறங்குவது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியைக் கவனிக்கிறவர்கள் பயிற்சியாளர், வீரர், உத்தி என்றுதான் பேசுவார்கள். நான் கட்டடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். இந்த விளையாட்டில் கட்டடம் வெறும் பின்னணி அல்ல, அணியின் ஆயுளே அதில்தான் இருக்கிறது.

தண்ணீரைப் பூசிப் பூசி...

ஹாக்கி என்றதும் நமக்குத் தயான்சந்தும் புல்தரையும் நினைவுக்கு வரும். இது வேறு. காலில் ஸ்கேட், பந்துக்குப் பதில் ‘பக்’ என்ற கறுப்பு ரப்பர் வட்டு, 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட ஐஸ் தளம். கால்பந்துக்கு ஒரு பொட்டல் போதும். கூடைப்பந்துக்குச் சுவரில் ஒரு வளையம் போதும். ஐஸ் ஹாக்கிக்கு இப்படி எளிய தொடக்கம் எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் ஏரி உறையும் ஊர்களில் பிள்ளைகள் ஏரியில் ஆடிப் பழகலாம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அட்டவணைப்படி ஆட வேண்டிய கல்லூரி அணிக்கு ஏரி உதவாது.

ஒரு தளத்தை உருவாக்குவதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இதன் செலவு புரியும். சிமென்ட் தரைக்குள் மைல் கணக்கில் குழாய்கள் பதித்திருப்பார்கள். உறைநிலைக்கும் கீழே குளிர்வித்த உப்புக்கரைசல் அவற்றுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தரை நன்றாகக் குளிர்ந்ததும் தண்ணீரைத் தெளிப்பார்கள். மொத்தமாகக் கொட்டினால் ஒழுங்காக உறையாது. காகிதக் கனத்தில் ஒரு படலம், அது உறைந்ததும் இன்னொன்று. பிறகு வெள்ளைச் சாயம். ஐஸுக்கு இயல்பில் நிறம் இல்லை, நாம் திரையில் பார்க்கும் வெண்மை பூச்சுதான். அதன்மேல் சிவப்பு, நீலக் கோடுகள், நடுவே கல்லூரியின் சின்னம். அதற்கும் மேலே மறுபடி படலம் படலமாகத் தண்ணீர். இவ்வளவு செய்தும் கடைசியில் கிடைப்பது ஒன்று, ஒன்றரை அங்குலக் கனம்தான்.

ஆட்டத்தில் 20 நிமிடப் பகுதிகள் மூன்று. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சாம்போனி வண்டி வரும். கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் சாம்போனி 1949இல் உருவாக்கிய இயந்திரம் அது. கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவி எடுத்துவிட்டுப் பின்னாலேயே வெந்நீரைப் பூசிக்கொண்டு போகும். ஐஸில் ஏன் வெந்நீர்? சூடான தண்ணீர் கீறல்களுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஐஸோடு நன்றாகக் கலந்து உறைகிறது. தளம் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தக் குளிர்விப்பு இயந்திரங்கள் இரவு பகலாக ஓட வேண்டும். மின் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே தளத்தின் உரிமையாளர் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுத்தான் பிழைக்க முடியும். சிறுவர் லீக், ஸ்கேட்டிங் வகுப்பு, பெரியவர்களின் கிளப், இசைக் கச்சேரி என்று வரிசை கட்டி நிற்பார்கள். சொந்தத் தளம் இல்லாத கல்லூரியும் அந்த வரிசையில் ஒரு ஆள், அவ்வளவுதான். குவினிபியாக்கின் நள்ளிரவு இப்படித்தான் வந்தது.

ஒரு காசோலை, மூன்று லீக்குகள்

பென்சில்வேனியா மாநிலத்தின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்துக்குப் பேர்போனது. அங்கே ஹாக்கியும் இருந்தது, ஆனால் கிளப் அளவில்தான். ‘ஐசர்ஸ்’ என்ற அந்த அணி கிளப்புகளுக்கான தேசியப் பட்டத்தை ஏழு முறை வென்றது. அவர்கள் ஆடிய தளத்தில் 1,350 பேர்தான் உட்காரலாம். கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனுக்குப் போக வேண்டும் என்பது அங்கே பல ஆண்டுக் கனவு. திறமைக்குப் பஞ்சமில்லை, ஆடக் கூடம்தான் இல்லை.

டெர்ரி பெகுலா அங்கே பெட்ரோலிய, இயற்கை எரிவாயுப் பொறியியல் படித்தவர். எரிவாயுத் தொழிலில் வளர்ந்து, 2010இல் தன் நிறுவனத்தை ஷெல்லுக்கு 470 கோடி டாலருக்கு விற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் மனைவி கிம்மும் ஐஸ் அரங்கம் கட்டவும் ஆண், பெண் இரு அணிகளையும் முதல் டிவிஷனுக்கு உயர்த்தவும் 8 கோடியே 80 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் அதுவரை கண்ட தனியார் நன்கொடைகளில் அதுவே பெரியது. பிறகு தொகை 10 கோடியே 20 லட்சமாக ஏறியது.

2012-13இல் பென் ஸ்டேட் முதல் டிவிஷனில் ஆடத் தொடங்கியது. 2013 அக்டோபரில் பெகுலா ஐஸ் அரங்கம் திறந்தது. சுமார் ஆறாயிரம் பேர் கொள்ளும். மாணவர்களுக்காக ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் ஆயிரம் இருக்கைகளை, கட்டட விதிகள் அனுமதிக்கும் எல்லை வரை செங்குத்தாக அடுக்கியிருக்கிறார்கள். எதிரணிக் கோல்கீப்பருக்கு அது சுவர் மாதிரி தலைக்கு மேலே எழும்பி நிற்கும். அத்தனை சத்தமும் அவர் முதுகில் இறங்கும். கட்டடக் கலையை ஒரு ஆட்டக்காரராகவே களத்தில் இறக்கிய வேலை இது.

விஷயம் பென்சில்வேனியாவோடு நிற்கவில்லை. பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ‘பிக் டென்’ தனக்கென்று ஹாக்கி லீக் நடத்த ஆறு அணிகள் வேண்டும். கையில் இருந்தவை ஐந்து: மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட், ஒஹையோ ஸ்டேட், மினசோட்டா, விஸ்கான்சின். பென் ஸ்டேட் ஆறாவதாக வந்து சேர்ந்தது. 2011இல் பிக் டென் லீக் அறிவிப்பு வந்தது. ஐந்து பெரிய அணிகளும் தாங்கள் காலங்காலமாக ஆடிவந்த இரண்டு லீக்குகளை விட்டு வெளியேறின. அதைப் பார்த்த நார்த் டகோட்டா, டென்வர் முதலான ஆறு வலுவான அணிகள், பெரிய தலைகள் போன பிறகு மிச்சத்தோடு தங்குவானேன் என்று அதே ஆண்டு ஜூலையில் என்.சி.எச்.சி. என்ற புது லீக்கைத் தொடங்கின. பழைய இரண்டு லீக்குகளில் ஒன்றான சி.சி.எச்.ஏ. 2013இல் மூடப்பட்டது. மற்றொன்றான டபிள்யூ.சி.எச்.ஏ. பாதி காலியாகி, கிடைத்த சிறு கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு ஒப்பேற்றியது.

அப்படிச் சேர்ந்தவற்றில் அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் பல்கலைக்கழகமும் ஒன்று. ஐஸையே அரிதாகப் பார்க்கும் தென்மாநிலத்தில் ஆசையாக வளர்த்த அணி அது. அவர்கள் ஆடியது நகராட்சிக்குச் சொந்தமான வான் பிரவுன் மையத்தில். கச்சேரிகளுக்கும் இன்னொரு தொழில்முறை அணிக்கும் நடுவே தேதி பிடிக்க வேண்டும். டபிள்யூ.சி.எச்.ஏ.வில் இருந்த ஏழு கல்லூரிகள் தூரமும் செலவும் தாங்கவில்லை என்று தனியே பிரிந்து, மூடிக்கிடந்த சி.சி.எச்.ஏ. பெயரில் மறுபடி லீக் தொடங்க முடிவெடுத்தன. ஹண்ட்ஸ்வில்லும் இரண்டு அலாஸ்கா கல்லூரிகளும் நடுத்தெருவில் நின்றன. 2020 மே மாதம் ஹண்ட்ஸ்வில் அணி கலைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. முன்னாள் வீரர்களும் ரசிகர்களும் சில நாளில் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், சேர்த்துக்கொள்ள ஒரு லீக்கும் முன்வராததால், அணி நிறுத்தப்பட்டது.

பெகுலாவின் காசோலைதான் ஹண்ட்ஸ்வில்லை மூடியது என்று நான் சொல்லவில்லை. நடுவில் எத்தனையோ முடிவுகள், எத்தனையோ கைகள். ஆனால் முதல் கல் நகர்ந்த இடம் அந்தக் கட்டடம். ஒரு ஊரில் எழுந்த நல்ல அரங்கம், ஆயிரம் மைல் தள்ளியிருந்த ஊர்களின் காலடி மண்ணையும் சேர்த்து அசைத்துவிட்டது.

அலாஸ்காவின் சின்னக் கூடம்

நடுத்தெருவில் நின்ற இரண்டு அலாஸ்கா கல்லூரிகளில் ஒன்றின் கதை என்னை மிகவும் நெகிழ வைப்பது. ஆங்கரேஜ் நகரில் இருக்கும் அலாஸ்கா பல்கலைக்கழக அணி பல ஆண்டுகள் நகராட்சியின் சல்லிவன் அரங்கத்தில் ஆடியது. ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். கூட்டம் குறையக் குறைய அவ்வளவு பெரிய கூடத்துக்கு வாடகை கட்டுவது சுமையானது. 2019இல் அணி வளாகத்துக்குள் இருந்த சின்னப் பயிற்சித் தளத்துக்கே வீடு மாற்றிக்கொண்டது. ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத இடம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது சல்லிவன் அரங்கம் வீடற்றவர்களின் தங்குமிடம் ஆனது. அதே ஆண்டு, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, பல்கலைக்கழகம் ஹாக்கி அணியை நிறுத்த முடிவு செய்தது. ஒரு வழி மட்டும் திறந்து வைத்தார்கள்: ஆதரவாளர்கள் சுமார் 30 லட்சம் டாலர் திரட்டினால் அணி பிழைக்கும். முன்னாள் வீரர்கள், வணிகர்கள், பெற்றோர்கள் என்று ஊர் கூடித் தேர் இழுத்தது. 2021 ஆகஸ்டில் இலக்கை எட்டினார்கள். 2022 இலையுதிர்காலத்தில் அணி மறுபடி ஐஸில் இறங்கியது, வளாகத்துச் சின்னத் தளத்தில்.

அந்தத் தளம் இல்லாமல் போயிருந்தால் 30 லட்சம் டாலரை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே ஆடியிருப்பார்கள்? பெரிய அரங்கத்தில் கட்டில்கள் போட்டிருந்தன. கையகலக் கூடம்தான் என்றாலும் அது அவர்களுடையது. பல்கலைக்கழக நிர்வாகிகள் யாரேனும் என்னிடம் கேட்டால் இந்த ஒரு கதையைத்தான் முதலில் சொல்வேன்.

கல்லில் பதித்த பிடிவாதம்

நன்கொடையில் எழும் அரங்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைப் பார்க்க நார்த் டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகருக்குப் போக வேண்டும். கனடா எல்லைக்குப் பக்கத்தில், குளிர் உறைய வைக்கும் ஊர். அங்கே ஹாக்கிதான் ஊர்த் திருவிழா.

ரால்ஃப் எங்கல்ஸ்டாட் அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கோல்கீப்பர். பிறகு லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதி நடத்திப் பெரும் பணக்காரர் ஆனவர். ஹிட்லர் பெயரில் விருந்து நடத்தியதற்காக 1989இல் நெவாடா மாநிலச் சூதாட்ட ஆணையம் அவருக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இந்த மனிதர்தான் தன் பழைய கல்லூரிக்கு 10 கோடி டாலருக்கும் மேல் செலவில் ஒரு ஹாக்கி மாளிகை கட்டித்தர முன்வந்தார்.

அப்போது அந்த அணியின் பெயர் ‘ஃபைட்டிங் சூ’. சூ என்பது அந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கு வெளியார் வழங்கிய பெயர். தங்கள் இனத்தை விளையாட்டுச் சின்னமாக்குவது அவமதிப்பு என்று பூர்வகுடி மாணவர்களும் பலரும் போராடிவந்தார்கள். பெயரை மாற்றலாமா என்று பல்கலைக்கழகம் யோசித்துக்கொண்டிருந்த நேரம். 2000 டிசம்பரில் கட்டடம் பாதி எழும்பி நிற்க, எங்கல்ஸ்டாட் பல்கலைக்கழகத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெயரை மாற்றினால் வேலையை அப்படியே நிறுத்திவிடுவேன், தற்காலிக வெப்பமூட்டிகளை அணைத்துவிடுவேன், நார்த் டகோட்டாவின் குளிரே கட்டடத்தைச் சிதைத்துவிடும் என்பது அதன் சாரம். கடிதம் கிளம்பிய சுருக்கிலேயே மாநில உயர்கல்வி வாரியம் கூடி, பழைய பெயரே நீடிக்கும் என்று முடிவெடுத்தது.

2001 அக்டோபரில் அரங்கம் திறந்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், எல்லாம் தோல் உறையிட்டவை. தரையெங்கும் கிரானைட் கல். எங்கு திரும்பினாலும் பூர்வகுடி வீரரின் தலை பொறித்த சின்னம்: வரிசை ஓரத்து இருக்கைகளின் பக்கவாட்டில், கதவுகளில், சுவர்களில், நுழைவுக் கூடத்துத் தரையின் கல்லில். ஒன்றல்ல இரண்டல்ல, ஆயிரக்கணக்கில். ஒட்டிய தாளாக இருந்தால் உரித்துவிடலாம். கல்லைச் செதுக்கிப் பதித்தால் எடுப்பதற்கும் கல்லை உடைக்க வேண்டும். நாளை யாராவது பெயரை மாற்ற நினைத்தால் செலவைக் கேட்டே பின்வாங்கட்டும் என்ற கணக்கு அது.

திறந்த மறு ஆண்டே எங்கல்ஸ்டாட் இறந்துபோனார். கல் பேசிக்கொண்டிருந்தது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ., இப்படிப்பட்ட பெயர்களுக்கு எதிராக 2005இல் விதி கொண்டுவந்தது. வழக்கு, சமரசம், மாநில மக்களின் வாக்கெடுப்பு என்று இழுத்து, 2012இல்தான் பெயர் போனது. 2015இல் ‘ஃபைட்டிங் ஹாக்ஸ்’ என்ற புதுப் பெயர் வந்தது. பெயர் போன பிறகும், எடுக்க முடியாது என்பதால், சின்னங்களில் பல அங்கேயே இருக்க அனுமதிக்க வேண்டியதாயிற்று.

தன் பெயர் என்ன என்பதைத் தானே முடிவு செய்ய முடியாத நிலைக்கு ஒரு பல்கலைக்கழகம் போனது பெரும் தவறு. பணம் வாங்கிய கைக்கு முதுகெலும்பும் வேண்டியிருந்தது. ஆட்டக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நார்த் டகோட்டா வென்ற தேசியப் பட்டங்கள் எட்டு. அவற்றில் ஏழு, இந்த மாளிகை திறப்பதற்கு முன்பே வந்தவை. திறந்த பிறகு வந்தது 2016இல் ஒன்று. கூட்டத்தைப் பொறுத்தவரை நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் அரங்கம் அது, மறுக்கவில்லை. கோப்பைகளைக் கிரானைட் கொண்டுவந்து தரவில்லை.

இரண்டாயிரம் பேரின் சத்தம்

பெரிது கட்டினால் போதும் என்ற எண்ணத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி பொய்யாக்கியது. ஆண்கள் ஆடும் கோல் சென்டரில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். பெண்கள் அணியும் அங்கேதான் ஆடிவந்தது. 2006, 2007, 2009, 2011 என்று நான்கு முறை தேசிய சாம்பியன். அவ்வளவு நல்ல அணி ஆடும்போதும், இரண்டாயிரம் பேர் வந்தால்கூட அரங்கம் வெறிச்சோடித் தெரியும். கைதட்டல் காலி நாற்காலிகளில் கரைந்துபோகும்.

2012இல் கோல் சென்டரை ஒட்டியே லபான் அரங்கம் எழுந்தது. இருக்கைகள் 2,273. அதே இரண்டாயிரம் பேர் இப்போது வந்தால் அரங்கம் நிறைந்துவிடும். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற பலகை தொங்கும். தலைக்கு மேலே தாழ்ந்த கூரையில் சத்தம் மோதித் திரும்பும். அணிக்குச் சொந்த உடைமாற்று அறை, சொந்தப் பயிற்சி நேரம். அதன் பிறகு 2025 வரை மேலும் நான்கு பட்டங்கள். முன்பு நான்கு, பின்பு நான்கு. ஆகவே அரங்கம்தான் பட்டம் தந்தது என்று சொல்ல முடியாது. பட்டம் வென்ற பெண்களுக்கு உரிய வீடு கிடைத்தது என்று சொல்லலாம். அந்த வீட்டில் வளர்ந்த ரசிகர் கூட்டம் எவ்வளவு என்று 2017 ஜனவரியில் தெரிந்தது. பெரிய அரங்கத்தை நிரப்புவோம் என்று ஒரு ஆட்டத்துக்கு அழைப்பு விட்டார்கள். கோல் சென்டரில் 15,359 பேர் வந்து அமர்ந்தார்கள்.

லபான் அரங்கத்துக்குப் பத்தாண்டுக்கு முன்பே மினசோட்டா வழிகாட்டியிருந்தது. பெண்கள் கல்லூரி ஹாக்கிக்கென்றே அமெரிக்காவில் முதன்முதலாகக் கட்டிய ரிடர் அரங்கம் 2002இல் அங்கே திறந்தது. சுமார் 3,400 இருக்கைகள். அதன் பிறகு அந்த அணி ஆறு முறை என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்றது. 2012க்கும் 2013க்கும் இடையே தொடர்ந்து 62 ஆட்டங்களில் வெற்றி. ஆண்கள் விட்டுவைத்த நேரத்தில் ஆடும் அணிக்கும், தன் கூரையின் கீழ் ஆடும் அணிக்கும் இருக்கும் வித்தியாசத்தை இந்த இரு ஊர்ப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

சத்தம் என்றதும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லைனா தளத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1957இல் திறந்தது, நாலாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். ஹார்வர்டு அணி வந்தால் ரசிகர்கள் மீனை ஐஸின்மேல் வீசுவார்கள். பல தலைமுறைப் பழக்கம் அது. பழைய கட்டடங்களில் சேர்ந்திருக்கும் இந்த உயிரை எந்தக் கட்டுமான நிறுவனமும் ஒப்பந்தத்தில் எழுதித் தர முடியாது.

பாலைவனத்தில் குடிவந்த பெரிய அணி

அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம், வெயில் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில் இருக்கிறது. 2014இல் 3 கோடியே 20 லட்சம் டாலர் நன்கொடையோடு முதல் டிவிஷனுக்கு உயரப் போவதாக அறிவித்து, மறு ஆண்டே ஆடத் தொடங்கியது. வீடு? ஓஷன்சைட் என்ற தளம், 747 இருக்கைகள். அங்கிருந்தே 2019இல் தேசியத் தொடருக்குத் தகுதி பெற்றார்கள். பாராட்ட வேண்டிய சாதனை. ஆனாலும் எந்த லீக்கிலும் இடம் கிடைக்காமல் பல ஆண்டுகள் தனித்தே ஆடினார்கள்.

2022 அக்டோபரில் டெம்பி நகரில் ஐயாயிரம் பேர் கொள்ளும் முல்லெட் அரங்கம் திறந்தது. சுமார் 13 கோடியே 40 லட்சம் டாலர் செலவு. அப்போது நடந்தது யாரும் எதிர்பாராதது. தொழில்முறை என்.எச்.எல். லீக்கின் அரிசோனா கயோட்டீஸ் அணிக்கு ஆட இடம் இல்லாமல் போக, கல்லூரி அரங்கத்துக்கே குடித்தனம் வந்தது. கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர்கள், தங்கள் நிறுவனத்தின் செலவில் கட்டிய கூடுதல் உடைமாற்று அறைகளில் தயாராகி, மாணவர்களின் தளத்தில் ஆடினார்கள். இரண்டு பருவம் அப்படிப் போனது. நிரந்தர அரங்கம் அமையாததால் 2024இல் அந்த அணியின் வீரர்களும் நிர்வாகமும் சால்ட் லேக் சிட்டிக்கு இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அரிசோனா ஸ்டேட் மாணவர்கள் என்.சி.எச்.சி. லீக்கில் சேர்ந்தார்கள். வீடில்லாத பெரிய அணி ஊரை விட்டே போனது, வீடு கட்டிய கல்லூரி அணி அங்கேயே இருக்கிறது.

கூடம் மட்டும் போதாது

எதிர்க்கணக்கையும் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரி மிகச் சிறியது. அப்போது விளையாட்டு உதவித்தொகை தராத அந்தக் கல்லூரி, 1975இல் திறந்த, இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரும் தளத்தில் பழகி, 2014 இறுதிப் போட்டியில் மினசோட்டாவை 7-4 என்று வீழ்த்தியது. 2025 சாம்பியன் வெஸ்டர்ன் மிச்சிகன் ஆடியதும் 1974இல் திறந்த லாசன் அரங்கத்தில்தான். நல்ல பயிற்சியாளரும் ஒன்றாக வளர்ந்த அணியும் இருந்தால் பழைய கூரையின் கீழும் பட்டம் வரும். இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: பழையதானாலும் அந்தத் தளம் அவர்களுடையதாக இருந்தது.

பணம் பாயும் திசையும் இப்போது மாறுகிறது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் வருவாயில் ஒரு பங்கை வீரர்களுக்கே நேரடியாகத் தரலாம். அதே ஆண்டு முதல் கனடாவின் முன்னணி இளையோர் லீக்குகளில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரிகளில் சேரலாம். அந்தக் கோடையில் கனடாவின் மிகப் பெரிய இளம் நட்சத்திரமான கேவின் மெக்கென்னா தேர்ந்தெடுத்தது பென் ஸ்டேட்டை. பதினைந்து ஆண்டுக்கு முன் முதல் டிவிஷன் அணியே இல்லாத இடம் அது. இனிமேல் நன்கொடையாளரின் பணம் செங்கல்லுக்கா, வீரரின் பைக்கா என்ற கேள்வி ஒவ்வொரு கல்லூரியிலும் எழும். என் எண்ணம் தெளிவு. வீரர் அதிகம் போனால் நான்கு ஆண்டு இருப்பார். தளம் ஐம்பது ஆண்டு இருக்கும், பெண்கள் அணிக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. தளமே இல்லாத கல்லூரி முதலில் தளத்தைக் கட்டட்டும். தளம் இருக்கிற கல்லூரி, அதற்குமேல் கிரானைட் பதிக்கும் பணத்தை வீரர்களுக்குத் தரட்டும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் பாஸ்டனில் உருவாகிவருகிறது. 1910இல் திறந்த பாஸ்டன் அரங்கம், பின்னாளில் மாத்யூஸ் அரங்கம் என்று பெயர் பெற்று, ஹாக்கி ஆடப்படும் உள்ளரங்கங்களில் உலகிலேயே மூத்தது என்று கொண்டாடப்பட்டது. 1924இல் பிறந்த பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் முதல் வீடு அது. 1946இல் பிறந்த செல்டிக்ஸ் கூடைப்பந்து அணிக்கும் அதுவே முதல் வீடு. பாஸ்டனின் நான்கு கல்லூரிகள் மோதும் பீன்பாட் தொடர் 1952 டிசம்பரில் தொடங்கியதும் அங்கேதான். வாடகைக்கு ஆடிக்கொண்டிருந்த நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1979இல் அதை விலைக்கு வாங்கித் தன் வீடாக்கிக்கொண்டது. நூறாண்டைத் தாண்டிய கட்டடம் தளர்ந்துவிட்டதால் 2025 டிசம்பரோடு அங்கே ஆட்டங்கள் முடிந்தன. அதே இடத்தில் 2028இல் புது அரங்கம் திறப்பதாகத் திட்டம். அதுவரை அணி வேறு தளங்களில் ஆட வேண்டும்.

பழைய அரங்கத்தில் ஹாக்கிக்கு 4,600க்கும் மேல் இருக்கைகள் இருந்தன. புது அரங்கத்தில் சுமார் 4,050.